வெளியூர் ரசிகர்களுக்கு எந்த மூலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கால்பந்துப் போட்டி முடிந்த மறுநாள் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கோல் போட்டவர் யார், சிவப்பு அட்டை வாங்கியவர் யார் என்று எல்லாம் வருகிறது. எதிரணிக்காக அவ்வளவு தூரம் வந்தவர்களை எங்கே உட்கார வைத்தார்கள் என்பது மட்டும் வருவதில்லை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வசிக்கும் எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் ஊர்களில் ஒரே வீட்டில் அண்ணன் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன், தம்பி சென்னையின் எஃப்சி ரசிகன். 2014இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்துத் தொடர் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான். சென்னையின் எஃப்சி 2015இலும் 2017-18 சீசனிலும் கோப்பையைத் தூக்கியது. பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என மூன்று முறை இறுதிப்போட்டி வரை போய்த் தோற்றது. டீக்கடையில் இந்தக் கணக்கைச் சொல்லியே வருஷக்கணக்கில் சண்டை போட்டாயிற்று. ஆனால் பிளாஸ்டர்ஸின் ஆட்டம் பார்க்கக் கொச்சிக்குப் போகும்போது இரண்டு பேரும் ஒரே ரயிலில்தான் ஏறுவார்கள். மைதான வாசலுக்குப் போன பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு மைதானத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆன்லைனில் எந்த ஸ்டாண்டில் டிக்கெட் கிடைத்ததோ அதை வாங்கிக்கொண்டு போயிருந்தோம். சுற்றிலும் உள்ளூர் அணியின் ரசிகர்கள். எங்கள் அணி கோல் போட்டதும் அக்கா மகன் எழுந்து கைதட்டினான். பின்னாலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்தது, அப்புறம் இன்னொன்று. பாதுகாப்புக்கு நின்றவர் ஓடி வந்து, பாட்டில் எறிந்தவர்களை ஒன்றும் சொல்லாமல், எங்கள் நீல ஜெர்ஸியைக் கழற்றிப் பைக்குள் வைக்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்களைக் கூட்டிப்போய் உட்கார வைக்க அவரிடம் வேறு இடமே இல்லை. மிச்ச ஆட்டத்தைப் பையன் வாயைத் திறக்காமல் பார்த்தான். பணம் கொடுத்து, லீவு போட்டு வந்த ஒரு ரசிகன் தன் அணியின் பெயரைச் சொல்லப் பயந்து உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.

இடம் ஒதுக்குவது யாரோ மனமிரங்கிச் செய்யும் சலுகை இல்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் வெளியூர் அணிக்கு 3,000 இருக்கைகள், மைதானத்தின் கொள்ளளவு 30,000க்குக் கீழே என்றால் அதில் 10 சதவீதம் கொடுத்தாக வேண்டும். ஜெர்மனியின் புண்டஸ்லிகாவிலும் 10 சதவீதம். ஐரோப்பியக் கோப்பைப் போட்டிகளில் குறைந்தது 5 சதவீதம், அதுவும் தனியாகப் பிரிக்கப்பட்ட பகுதியில். 40,000 பேர் உட்காரும் மைதானத்தில் 5 சதவீதம் என்றாலே 2,000 இருக்கை. நமக்கு அவ்வளவு கூட வேண்டாம். 500 இருக்கையை ஒழுங்காகக் கொடுத்தால் போதும்.

ஒழுங்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேல் அடுக்கின் உச்சியில் தூக்கி வைத்தால் பிரச்சினை வராது என்று சிலர் சொல்வார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் அணியின் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தில் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தார்கள். அங்கே ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், ஆட்டக்காரர்களின் முகம் தெரியாது. வெளியூர் ரசிகர்களில் ஒரு பகுதியினராவது ஆடுகளத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பிரீமியர் லீக் அணிகள் பின்னர் முடிவெடுத்தன. சென்னை நேரு மைதானத்தில், பெங்களூரு கண்டீரவாவில் எல்லாம் நடுவே ஓட்டப்பாதை இருக்கிறது. கொச்சியின் கலூர் மைதானம் கிரிக்கெட்டுக்கும் சேர்த்துக் கட்டியது. கீழ் வரிசையில் உட்கார்ந்தாலே ஆட்டம் தள்ளித்தான் தெரியும். இதில் உச்சி வேறு என்றால் பந்து எங்கே என்று தேட வேண்டியதுதான்.

கீழ் அடுக்கை மட்டும் கொடுப்பதும் சரி வராது. தலைக்கு மேலே உள்ளூர் ரசிகர்கள் இருந்தால் எச்சிலும் பாட்டிலும் மேலிருந்து விழும். வெளியூர்க்காரர்களை மேலே வைத்தால் அதையே அவர்கள் கீழே உள்ளவர்களுக்குச் செய்வார்கள், நம் ஆட்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் உள்ள இடம் உள்ளூர் ரசிகர் படை கொடி பிடித்துப் பாடும் இடம், அதைக் கேட்பது நியாயம் இல்லை. மூலைதான் சரியான இடம். ஒரு மூலையை மேலிருந்து கீழ்வரை தேங்காய்க் கீற்று மாதிரி நறுக்கி எடுத்து முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் சில வரிசை இருக்கைகளைக் காலியாக விட்டு, மேலே வலை போட்டு மூடிவிடலாம். மூலையில் இன்னொரு வசதி, வெளி கேட்டுக்கு நேராக இறங்கிப் போகலாம். உள்ளூர் கூட்டத்துக்கு நடுவே புகுந்து வெளியேற வேண்டியதில்லை. அந்தத் துண்டுக்குள்ளேயே கழிப்பறை, குடிதண்ணீர், டீ விற்பவர் எல்லாம் இருக்க வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெண்களும் வருகிறார்கள். கழிப்பறைக்காக எதிர்க் கூட்டத்தைத் தாண்டிப் போகச் சொல்லக் கூடாது.

கலந்து உட்கார்ந்தால்தானே சகோதரத்துவம் என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்து செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) மேட்சுகளில் மரப்பலகைக் கேலரியில் இரண்டு ஊர்க்காரர்களும் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்காருவோம். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஒருவன் கை ஓங்கினால் அவன் மாமாவே வந்து அடக்குவார். பெரிய மைதானத்தில் அந்த மாமா இல்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் ஒரே ஸ்டாண்டில் கலந்து இருந்தார்கள். கலவரத்தில் 16 பேர் செத்தார்கள். 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்களுக்கு அடுத்த பகுதியைப் பொதுவானவர்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த டிக்கெட்டுகள் கைமாறி எதிரணியான யுவென்டஸ் ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்தன. நடுவே இருந்தது ஒரு கம்பி வலை. கூட்டம் நெருக்கியதில் சுவர் இடிந்தது, 39 பேர் இறந்தார்கள். யாருக்கு விற்கிறோம் என்று பார்க்காமல் டிக்கெட் விற்பது நம் ஊரில் நடக்கிறது. அதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

சரி, வெளியூர் ரசிகர்களே வேண்டாம் என்று தடுத்துவிட்டால்? அர்ஜென்டினாவில் 2013க்குப் பிறகு பல வருடங்கள் அப்படித் தடுத்துப் பார்த்தார்கள். 2018இல் ரிவர் பிளேட், போகா ஜூனியர்ஸ் மோதிய கோபா லிபர்டடோரஸ் (தென் அமெரிக்க கிளப் கோப்பை) இறுதிச் சுற்றில் போகா ரசிகர் ஒருவர் கூட உள்ளே வர முடியாத நாளில், போகா வீரர்கள் வந்த பேருந்தையே கல்லால் அடித்தார்கள். ஆட்டத்தை மாட்ரிட்டுக்குக் கொண்டு போக வேண்டியதாயிற்று. 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்திலும் எதிரணி ரசிகர்களை அனுமதிக்கவில்லை. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, கூட்டம் வாசல்களில் நெரிந்தது, 135 பேர் இறந்தார்கள். ஆக, ஆபத்து வெளியூர் சட்டையோடு வருவதில்லை. வாசல் எத்தனை, போலீஸ் என்ன செய்கிறது, கூட்டத்தை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது.

எல்லைப் பகுதிக்காரன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியூர் ரசிகர் பகுதியை விலாசத்தையோ மொழியையோ பார்த்து ஒதுக்கினால் அது எங்களை வெட்டிப் போடும். என் ஆதார் அட்டையில் பாலக்காடு மாவட்டம், நான் கத்துவது சென்னையின் அணிக்கு. என் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது தமிழ், உயிரை விடுவது பிளாஸ்டர்ஸுக்கு. தமிழில் பேசுகிறார் என்பதற்காக அவரை பிளாஸ்டர்ஸின் மஞ்சள் கேலரியிலிருந்து யாரும் முறைக்கக் கூடாது. சென்னையில் பிளாஸ்டர்ஸ் ஆடும் நாளில் மஞ்சள் சட்டையோடு வருகிறவர்களில் எத்தனையோ பேர் சென்னையிலேயே வேலை பார்க்கும் மலையாளிகள். அவர்களுக்கும் அங்கே தனி மூலை வேண்டும். அதனால் வெளியூர் பகுதி டிக்கெட்டை வெளியூர் அணியே, தன் ரசிகர் குழுக்கள் மூலமாக விற்கட்டும். எந்த அணிக்காக வருகிறீர்கள் என்று மட்டும் கேட்கட்டும், எங்கே பிறந்தீர்கள் என்று கேட்க வேண்டாம். எந்தப் பக்கமும் சேராமல் குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு, இந்த மூலையிலிருந்து தள்ளி ஒரு பக்கவாட்டு ஸ்டாண்டு இருக்கட்டும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து உட்கார வேண்டும் என்றால் அங்கே உட்காரலாம், கோஷம் மட்டும் கூடாது.

விலை பற்றி ஒரே வரி: பக்கத்து உள்ளூர் ஸ்டாண்டின் விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது.

ஆட்டம் முடிந்த பிறகு வெளியூர் ரசிகர்களைக் கொஞ்ச நேரம் உள்ளேயே நிறுத்தி வைப்பது பல நாடுகளில் வழக்கம். நானும் அதை ஏற்கிறேன். ஆனால் இரவு ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும். அதற்கு மேல் அரை மணி நேரம் நிறுத்தினால் எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷனுக்குப் போய், பாலக்காட்டில் இறங்கி, கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ் பிடிக்கிற கணக்கே மாறிவிடும். எவ்வளவு நேரம் நிறுத்துவார்கள், எந்த கேட் வழியாக விடுவார்கள், அங்கிருந்து மெட்ரோ வரைக்கும் போலீஸ் துணை உண்டா என்பதை டிக்கெட்டிலேயே அச்சிட்டால் நாங்கள் ரயிலைப் பார்த்து ஏற்பாடு செய்துகொள்வோம்.

உங்கள் விளையாட்டு நிருபர் அடுத்த சீசன் டிக்கெட் விற்பனை தொடங்கும் முன் இரண்டு அணி நிர்வாகங்களிடமும் மூன்று கேள்வி கேட்டு, பதிலைப் பத்திரிகையில் போட வேண்டும்: வெளியூர் ரசிகர்களுக்கு எந்த பிளாக், எந்த கேட், எத்தனை இருக்கை? பதில் வந்தால் எங்கள் ஊரிலிருந்து அந்த மேட்சுக்கு ஒரு வேன் நிறைய ஆள் வருவோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்