மாணவர்களை எங்கள் புழு ஷெட்டுக்கு அழைத்து வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்கோடு வட்டத்தில் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கிறேன். பத்தாம் வகுப்புவரை படித்தவன். பல வருடமாகப் பத்திரிகை படித்துவந்தாலும் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. பிளஸ் டூ முடிவு வந்து, கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை நடக்கிற நேரம் இது. இப்போது எழுதினால்தான் பயன் இருக்கும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

என் மூத்த மகள் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டு வருடம் முடித்து மூன்றாம் வருடம் போகிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயோ குரூப் படித்தாள். நீட் எழுதினாள், சீட்டு கிடைக்கும் அளவுக்கு மார்க் வரவில்லை. அன்றிலிருந்து கல்யாண வீடு, காது குத்து, எங்கே போனாலும் ஒரே கேள்விதான். “டாக்டர் சீட்டு கிடைக்கலையாமே பாப்பா, சும்மா டிகிரிதான் படிக்கிறியா?” அவள் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பாள். வீட்டுக்கு வந்த பிறகு ரொம்ப நேரம் பேசமாட்டாள்.

போன வாரம் டீக்கடையில் எனக்குத் தெரிந்த ஒருவர் தன் பையனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பையனுக்குச் செடி கொடி, பூச்சி என்றால் உயிராம். தாவரவியலோ விலங்கியலோ எடுக்கட்டுமா என்று கேட்கிறானாம். “அதெல்லாம் நீட்டுல விழுந்தவங்க போற இடம்டா, கம்ப்யூட்டர் எடு” என்று சொல்லிவிட்டேன் என்றார். இரண்டு வருடம் முன்னால் நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தேன். என் நினைப்பு எப்படி மாறியது என்பதை அவருக்குச் சொன்னேன். அதையே இங்கேயும் சொல்கிறேன்.

போன வருடம் புரட்டாசியில் 150 முட்டைத் தொகுதிக்கான இளம்புழு வாங்கி விட்டிருந்தோம். ஒரு தாய் அந்துப்பூச்சி இடுவது ஒரு தொகுதி, அதற்கு ஏறக்குறைய 500 முட்டை என்பார்கள். ஆக ஷெட்டில் 75,000 புழு. நாலாவது தோலும் உரித்து எழுந்து, ராத்திரி பகலாக இலை தின்கிற நேரம். அந்த ஐந்தாம் பருவத்தில் ஷெட்டுக்குள் நின்றால் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்கும், அத்தனை வாயும் மெல்லுகிற சத்தம். ஒரு புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் முக்கால் பங்குக்கு மேல் இந்த ஏழெட்டு நாளில்தான் தின்னும். அந்தச் சமயத்தில் மழையும் வெயிலும் மாறி மாறி அடித்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் சில புழுக்கள் இலையை விட்டுவிட்டு ஓரத்துக்கு வந்து அலைகின்றன. தோல் பளபளவென்று மின்னுகிறது, கணுக்கணுவாக வீங்கியிருக்கிறது. கை பட்டால் தோல் கிழிந்து பால் மாதிரி வெள்ளையாக வடிகிறது. பால்புழு நோய். எங்கள் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்த எமன்தான்.

வீட்டுக்காரி கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டினாள். ஈர இலை போட்டதுதான் காரணம் என்று நான் என்னையே திட்டிக்கொண்டேன். மகள் மட்டும் ஒரு சின்ன பாட்டிலை எடுத்து வந்து, “அப்பா, ரெண்டு புழு குடுங்க, காலேஜுக்குக் கொண்டுபோறேன்” என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. குடும்பமே தவிக்கிற நேரத்தில் இவளுக்கு விளையாட்டா என்று. ஆனாலும் கொடுத்தேன்.

சாயங்காலம் பஸ் விட்டு இறங்கி வந்தவள் செல்போனைக் காட்டினாள். அந்தப் பால் துளியை ஒரு கண்ணாடிச் சில்லில் வைத்து 400 மடங்கு பெருக்கிப் பார்த்திருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பின் கண்ணிலேயே போனை வைத்து எடுத்த படம். உடைத்த கற்கண்டு மாதிரி, பட்டை பட்டையாக, சில ஆறு பக்கத்தோடு, கணக்கில்லாத மணிகள். அது ஒரு வைரஸ் என்றும், அது இந்தப் படிகத்துக்குள் பத்திரமாக இருக்கும் என்றும் சொன்னாள். புழு தின்னும் இலையோடு படிகம் உள்ளே போகும். புழுவின் வயிற்றில் காரத்தன்மை அதிகம், அங்கே படிகம் கரைந்து வைரஸ் வெளியே வரும். செத்த புழுவின் தோல் கிழிந்தால் மறுபடியும் கோடிக்கணக்கான படிகம் தட்டில், தரையில், சுவரில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை விடுகிற புழுவுக்காக அங்கேயே காத்திருக்கும்.

இருபது வருடமாகப் புழு வளர்க்கிறேன். பட்டு வளர்ச்சித் துறையிலிருந்து வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் பிளீச்சிங் பவுடர் போடுங்கள், சுண்ணாம்பு போடுங்கள் என்பார்கள். போடுவேன், பாதி மனதோடு போடுவேன். ஏன் போடுகிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் நோய்ப் புழுக்களைத் தோல் கிழியாமல் பொறுக்கிச் சுண்ணாம்பில் போட்டுப் புதைத்தோம். அறுவடை முடிந்ததும் 2 சதவீத பிளீச்சிங் கரைசலில் நீற்றிய சுண்ணாம்பு கலந்து, சுவரின் இடுக்கு விடாமல் அடித்தோம். மகள்தான் அளவு போட்டுக் கலந்தாள். அந்த முறை 100 கிலோ பட்டுக்கூடு எடுக்க வேண்டிய இடத்தில் 38 கிலோதான் வந்தது. அதற்குப் பிறகு விட்ட மூன்று முறையும் பால்புழு பெரிதாக வரவில்லை.

அன்று இரவு அவள் சொன்ன இன்னொரு விஷயத்தையும் எழுத வேண்டும். பாலைக் கெடாமல் காய்ச்சும் முறைக்குப் பெயர் தந்த லூயி பாஸ்டர், 1865-இல் பிரான்சின் தெற்கே ஆலே என்ற ஊருக்குப் போனாராம். அங்கே பெப்ரின் என்ற நோயால் பட்டுப்புழு வளர்ப்பே அழிந்துகொண்டிருந்தது. அவர் வேதியியல் படித்தவர், அதற்கு முன் பட்டுப்புழுவைக் கையால் தொட்டதில்லை. சில வருடம் அங்கேயே போய்ப் போய் வேலை செய்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனித்தனியாக முட்டையிட வைக்க வேண்டும். பிறகு அந்தத் தாயை அரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நோய்க் கிருமி இருந்தால் அதன் முட்டையை எரித்துவிட வேண்டும். இன்றைக்கும் எங்களுக்கு முட்டை தயாரித்துத் தருகிற வித்தகங்களில் செய்வது அதே வேலைதான். ‘நோயற்ற முட்டைத் தொகுதி’ என்று ரசீதில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்த மூன்று வார்த்தைக்குப் பின்னால் இப்படி ஒரு மனிதர் இருக்கிறார் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பி.எஸ்சி. படிக்கிற என் பெண் சொன்னாள்.

அவளுக்கு நானும் ஒன்று சொல்லிக்கொடுத்தேன், அதில் எனக்குப் பெருமை உண்டு. மரபியல் பாடத்தில் மெண்டல் விதி படித்துக்கொண்டிருந்தாள். பட்டாணிச் செடி உதாரணம் மனப்பாடம் ஆகிவிட்டது, மனதில் நிற்கவில்லை என்றாள். முன்பு நாங்கள் மஞ்சள் கூடு வளர்த்ததை அவளிடம் சொன்னேன். தாய் மைசூர் ரகம், மஞ்சள் கூடு கட்டும். தகப்பன் வெள்ளைக் கூடு கட்டுகிற ரகம். பிள்ளைகள் எல்லாமே மஞ்சள் கூடுதான் கட்டும். அந்தப் பிள்ளைகளிடமிருந்து நாமே முட்டை எடுத்து வளர்த்தால் கூடு ஒரே சீராக வராது, அதனால்தான் ஒவ்வொரு முறையும் முட்டை வாங்குகிறோம் என்றேன். துள்ளிக் குதித்துவிட்டாள். அப்புறம் தேடிப் படித்து, 1906-இலேயே ஜப்பானில் டொயாமா கமெதாரோ என்பவர் மெண்டல் விதியைப் பட்டுப்புழுவிலேயே காட்டிவிட்டார் என்று எனக்குச் சொன்னாள்.

இப்போது என் குறையைச் சொல்கிறேன். அவள் படிக்கிற கல்லூரியில் எந்த வகுப்பும் புழு வளர்க்கும் இடம் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பட்டுப்புழு வளர்ப்பு பாடத்தில் இருக்கிறது, பரீட்சையில் கேள்வியும் வருகிறது. சார்ட்டில் இருக்கிற படத்தைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைகிறார்கள். செய்முறைத் தேர்வில் பாட்டிலில் ஊறவைத்த கூட்டை வைத்து இது என்ன என்று கேட்கிறார்கள். 60 பேர் படிக்கும் வகுப்பில் ஒழுங்காக வேலை செய்கிற மைக்ராஸ்கோப் ஏழு. ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரு நிமிடம். என் பெண் அந்தக் கற்கண்டைப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், ஒரு ஆசிரியை மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவளோடு உட்கார்ந்ததுதான். அந்த அம்மாவுக்கு இந்தக் கடிதத்தின் மூலம் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

தவளை, எலியை அறுத்துப் படிப்பதை நிறுத்தச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் படிப்படியாகவும் 2014-இல் முழுமையாகவும் உத்தரவு போட்டது. நல்ல முடிவு. ஒரு உயிரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆயிரக்கணக்கான தவளைகளைக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் அறுப்பதை நிறுத்திய இடத்தில் என்ன வைத்தோம்? சார்ட்டும் பிளாஸ்டிக் பொம்மையும்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது. உயிரோடு இருக்கிற உயிரைப் பார்க்கிற படிப்பை அங்கே கொண்டுவந்திருக்கலாம்.

கல்விச் சுற்றுலா என்று மூன்று நாள் ஊட்டிக்கு அழைத்துப் போனார்கள். ஆளுக்கு 4,500 ரூபாய். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, அதைச் சேர்த்து வைத்துப் போகிறேன் என்றாள். அந்த மாதம் புத்தகமும் தம்பியின் ஸ்கூல் செலவும் வந்துவிட்டது, போகவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பஸ் காசில் பார்க்கக்கூடியது எவ்வளவு இருக்கிறது! ஓசூரில் மத்திய பட்டு வாரியத்தின் மரபணு வள மையம் இருக்கிறது. புழு ரகங்களையும் மல்பெரி ரகங்களையும் அழியாமல் காத்துவைத்திருக்கும் இடம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூர் ஆராய்ச்சி நிலையம், அங்கிருந்துதான் பையூர் 2 கொள்ளு வந்தது, என் அப்பா விதைத்தார். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு ஒரு காலை நேரம் போனாலே ஒரு பாடம். ஒகேனக்கல் ஆற்றில் முதலையும் நீர்நாயும் இருக்கின்றன. சித்தேரி மலை, வத்தல்மலை இருக்கிறது, தாவரவியல் பிள்ளைகளுக்கு.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. என் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது, என் வயதுக்காரர்கள் நிறையப் பேருக்கு இருக்கிறது. எங்கள் பாறையிலிருந்து கிணற்று நீரில் கரைந்து வரும் ஃபுளூரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்பது கணக்கு. ஜப்பான் கடன் உதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது இதற்காகத்தான். பழைய கிணறுகளும் போர்வெல்களும் இன்னும் இருக்கின்றன. மூன்றாம் வருடம் புராஜெக்ட் என்று கடையில் பைண்டிங் போட்டு வாங்கிக் கொடுப்பதை விட, ஊருக்கு ஒரு பிள்ளை தன் ஊர்த் தண்ணீரை எடுத்துச் சோதித்து எழுதினால் பஞ்சாயத்துக்கே உதவும்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் செமஸ்டர் முழுக்க என் மகள் இரவில் அழுதாள். பாடம் கடினம் என்று அழவில்லை, வார்த்தை புரியவில்லை என்றுதான் அழுதாள். ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் தமிழ்ச் சொல் என்று எழுத ஆரம்பித்தாள். கூட்டுப்புழு, அந்துப்பூச்சி, தோலுரித்தல் எல்லாம் என்னிடம் கேட்டு எழுதியவை. பட்டுப்புழுவின் அறிவியல் பெயரான பாம்பிக்ஸ் மோரியில் ‘மோரி’ என்பது மல்பெரியைக் குறிக்கிறது என்று தெரிந்த நாளில், அந்தப் பெயரை இனி மறக்கவேமாட்டேன் என்றாள். இரண்டு வருடத்தில் அந்த நோட்டு 180 பக்கம் ஆகியிருக்கிறது. இப்போது ஜூனியர் பிள்ளைகள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு மாணவி செய்ததைப் பல்கலைக்கழகம் செய்து, முதல் வருடமே ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுக்க முடியாதா?

என் வேண்டுகோள் பெரிதில்லை. ஒவ்வொரு செமஸ்டரிலும் நாலு நாளாவது பிள்ளைகளை வயலுக்கும் ஷெட்டுக்கும் ஆற்றுக்கும் அனுப்புங்கள். அங்கே பார்த்து எழுதியதற்கு இன்டர்னல் மார்க் கொடுங்கள். ஐந்து பேருக்கு ஒன்று என்ற கணக்கிலாவது மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுங்கள். சேர்க்கை நேரத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு, இந்தப் படிப்பு முடித்தால் எம்.எஸ்சி., பி.எட். மட்டுமல்ல, இந்திய வனப்பணித் தேர்வுகூட எழுதலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். விலங்கியலும் தாவரவியலும் அந்தத் தேர்வுக்கான தகுதிப் பாடங்கள் என்பது எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் என் பங்குக்கு ஒன்று செய்கிறேன். கல்லூரி திறந்த பிறகு நான் விடுகிற முதல் புழு, ஜூலை இரண்டாம் வாரத்தில் ஐந்தாம் பருவத்துக்கு வரும். எந்தக் கல்லூரி ஆசிரியர் வேண்டுமானாலும், தருமபுரியோ கிருஷ்ணகிரியோ, மாணவர்களை அழைத்து வரலாம். மகள் படிக்கும் வகுப்புக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டோம். ஒரு நேரத்தில் 20 பேர் நிற்கலாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பிளீச்சிங் தண்ணீரில் கால் நனைத்து, கை கழுவிவிட்டு உள்ளே வர வேண்டும். வாசனைப் பவுடர், சென்ட் போட்டு வரக் கூடாது, கொசுவத்திப் புகை படிந்த துணியோடும் வரக் கூடாது, புழு தாங்காது. காலை 7 மணிக்கு இலை போடுவோம், அதற்கு முன்னால் வந்துவிட்டால் அந்தத் தூறல் சத்தம் கேட்கலாம். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில், களியும் கொள்ளு ரசமும்.

இப்படிக்கு,
ஒரு மல்பெரி விவசாயி,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.