இருபத்தோராம் வசனத்தை ஏன் விட்டுவிடுகிறோம்?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

கிறிஸ்தவ இல்லறம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்து மனம் வருந்தினேன். மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பவுல் எபேசு சபைக்கு எழுதிய எபேசியர் 5:22ஐ மட்டுமே பிடித்துக்கொண்டு முழுக் கட்டுரையும் எழுதப்பட்டிருக்கிறது. போன மாதம் நான் கலந்துகொண்ட ஒரு திருமண ஆராதனையிலும் இதே கதைதான். பிரசங்கம் முழுவதும் மணப்பெண்ணுக்கே புத்திமதி. மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை இல்லை.

அதற்கு முந்தின வசனத்தை வாசியுங்கள்: "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22ஆம் வசனத்தில் 'கீழ்ப்படியுங்கள்' என்ற வினைச்சொல்லே இல்லை. 21இல் உள்ள வினையைக் கொண்டுதான் அது பொருள் முடிகிறது. இரண்டையும் வெட்டிப் பிரிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? 25ஆம் வசனமோ, கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் மனைவியிடம் அன்புகூரும்படி புருஷனுக்குச் சொல்கிறது. உயிரையே கேட்கும் கட்டளை அது. அதைப் பற்றி எந்தக் கல்யாணத்திலாவது இருபது நிமிடம் பேசிக் கேட்டிருக்கிறோமா?

இயேசு வீட்டுக்கு வந்தபோது மார்த்தாள் வேலையில் மூழ்க, அவள் சகோதரி மரியாள் அவர் வசனத்தைக் கேட்டுக்கொண்டிருந்த கதையையும் பெண்கள் கூட்டங்களில் 'வேலையைக் குறைத்து ஜெபியுங்கள்' என்பதோடு முடித்துவிடுகிறோம். மரியாள் இயேசுவின் "பாதத்தருகே" உட்கார்ந்தாள் என்கிறார் லூக்கா. யூத வேத போதகரான கமாலியேலின் "பாதத்தருகே" வளர்ந்ததாகப் பவுல் சொல்வதையும் அதே லூக்காதான் அப்போஸ்தலர் 22இல் எழுதுகிறார். குருவிடம் பாடம் கேட்கும் சீஷனின் இடம் அது. தனக்கு உதவி செய்ய அவளுக்குச் சொல்லும்படி மார்த்தாள் கேட்டும், அந்த இடத்திலிருந்து மரியாளை எழுப்பி அடுப்படிக்கு அனுப்ப ஆண்டவர் சம்மதிக்கவில்லை. (சபையார் கூடி உண்ணும் நம் அசனப் பண்டிகையில் அண்டா அண்டாவாகச் சோறு வடிப்பவர்கள் ஆண்கள்தானே! ஆலயத்தில் கூடுவது வீட்டில் மட்டும் ஏன் கூடாது?)

நான் இதை எழுதுவது பாளையங்கோட்டையிலிருந்து. 1778இல் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற விதவை இங்கே சபையைக் கூட்டிச் சேர்த்தார். 1785இல் பிரதிஷ்டையான ஆலயத்தையும் கட்டினார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் உள்ள நாற்பது பேரில் முதல் பெயர் அவருடையதுதான். ஆலயத்தைக் கட்டியவர் ஒரு பெண் என்று தெரிந்த ஊரிலேயே, பெண்ணின் இடம் எது என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த இதழில் எபேசியர் 5ஐ 21ஆம் வசனத்தில் தொடங்கி 33 வரை விளக்கும் ஒரு கட்டுரையை வெளியிடுங்கள். திருமணத்துக்கு முன் போதகரிடம் ஆலோசனைக்கு வரும் வாலிபர்கள் கையில் அது போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பாளையங்கோட்டை.