காற்றைக் குறைத்துப் பார்

அன்புள்ள கலா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நித்தியகல்யாணி செல்கள் ஃபிளாஸ்க்கில் அஜ்மலிசின் என்ற மருந்துப் பொருளைத் தருகின்றன, ஃபெர்மென்டருக்கு (காற்று ஊதிக் கலக்கி வளர்க்கும் பெரிய கலத்துக்கு) மாற்றினால் செல் மட்டும் பெருகுகிறது என்கிறாய். மூச்சுக்குப் போதவில்லை என்று நிமிடத்துக்கு, வளர்ப்பின் கொள்ளளவுக்குச் சமமாகக் காற்று விட்டிருக்கிறாயே, அதுதான் கெடுக்கிறது.

தாவரச் செல் மெதுவாக வளர்வது. பாக்டீரியா அளவுக்கு அதற்கு ஆக்சிஜன் தேவையில்லை. நிமிடத்துக்குக் கொள்ளளவில் 0.1 முதல் 0.3 பங்கு காற்று பெரும்பாலும் போதும். அதற்கு மேல் ஊதினால் செல் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் எத்திலீனையும் காற்று வாரிக்கொண்டு போய்விடும். மூடிய ஃபிளாஸ்க்கில் அவை ஓரளவு தேங்கி நிற்கின்றன. வெளியேறும் வாயுவைத் திரும்ப உள்ளே சுற்றவிட்டால் அஜ்மலிசின் மீள்கிறது என்று 1990களில் நெதர்லாந்தில் செய்த சோதனைகள் காட்டின. டி.ஓ. (திரவத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்; காற்றால் நிறைந்த நிலை 100%) இறங்கினால் காற்றை ஏற்றாதே. அதே காற்றில் கொஞ்சம் ஆக்சிஜனைக் கலந்து விடு.

செல் எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று அளந்தாயா? டி.ஓ. 80% இருக்கும்போது காற்றை நிறுத்து. கலக்கியை நிறுத்தாதே, செல் அடியில் படிந்துவிடும். திரவத்துக்கு மேலுள்ள வெற்றிடத்தில் நைட்ரஜனை ஓடவிடு. இல்லாவிட்டால் மேற்பரப்பு வழியே ஆக்சிஜன் புகுந்து கணக்கைக் கெடுக்கும். 25 டிகிரியில் 100% என்பது லிட்டருக்குச் சுமார் 0.25 மில்லிமோல். 80-லிருந்து 50-க்கு இறங்க 4 நிமிடம் ஆனால், செலவு லிட்டருக்கு மணிக்கு 1.1 மில்லிமோல். 50-ஐத் தொட்டதும் காற்றைத் திறந்துவிடு. அஜ்மலிசினைத் தூண்டும் மெத்தில் ஜாஸ்மோனேட் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் இதை எடு, வித்தியாசம் தெரியும். டி.ஓ.வை அளக்கும் புரோப்பின் சவ்வில் செல் படிந்திருந்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதையும் பார்த்துக்கொள்.

இன்னொன்று, செல்கள் ஒட்டிச் சேரும் கட்டிகள். டி.ஓ. 60% என்று காட்டினாலும் சில மில்லிமீட்டர் தடித்த கட்டியின் நடுவுக்கு ஆக்சிஜன் எட்டாமல் போகலாம். ஒன்றை எடுத்து பிளேடால் நறுக்கிப் பார். ஓரம் வெளிர்மஞ்சளாகவும் நடு பழுப்பாகவும் இருந்தால் உள்ளே மூச்சு முட்டியிருக்கிறது என்றே சந்தேகப்படு. சல்லடையில் வடிகட்டி, சின்னக் கட்டிகளை மட்டும் அடுத்த முறைக்கு எடு. கலக்கியை வேகமாக ஓட்டி உடைக்கலாம் என்று நினைக்காதே. செல்லே கிழியும், புரதம் கசிந்து நுரை பொங்கும், நுரையோடு ஏறிய செல் சுவரில் ஒட்டிக் காய்ந்துவிடும்.

அடுத்த ஓட்டத்தில் காற்றை மட்டும் 0.2-க்குக் குறை, வேறெதையும் தொடாதே. 3, 6, 9-ஆம் நாள் டி.ஓ., சர்க்கரை, உலர் எடை மூன்றையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
செல்வி