இரண்டாம் தவணை நிறைவும் காலை யோகாப் பயிற்சியும்: பெற்றோருக்கு ஒரு மடல்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் எம் பிள்ளைகள் வலய மட்டம் வரை போய் வந்தார்கள். கரப்பந்தாட்ட அணியும் குறை சொல்ல முடியாதபடி ஆடியது. பழைய மாணவர்கள் குடிநீர்த் தாங்கியைத் திருத்தித் தந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

இனி, செவ்வாயும் வியாழனும் காலை 7.30 முதல் 7.50 வரை மண்டபத்தில் நடக்கும் யோகாப் பயிற்சி பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது.

போன வியாழன் நானே போய் எண்ணினேன். தரம் 8இல் 34 பிள்ளைகள். பாயில் இருந்தவர்கள் 13 பேர். மற்றவர்கள் 7.50 ஆனதும் ரியூசன் கொப்பியும் கையுமாகப் படலையடியில் மோட்டார் சைக்கிளால் இறங்கினார்கள். சிலரிடம் கடிதமும் இருந்தது. மூன்று கடிதங்களில் ஒரே வயிற்றுவலி, ஒரே பச்சை மை.

“கையைக் காலை வளைக்கிறதுக்கு இருபது நிமிசமோ சேர், சோதினைக்கு இது வருமோ?” என்று ஒரு தந்தை நேரிலேயே கேட்டார். அவரில் பிழையில்லை. உலக யோகா தினமான ஒவ்வொரு ஜூன் 21உம் மேடையில் பிள்ளைகளை வளைத்துக் காட்டி, யோகா என்றால் இதுதான் என்று நம்பவைத்தவர்கள் நாங்களும்தான்.

‘யுஜ்’ என்ற வடமொழி வேருக்குப் பூட்டுதல், இணைத்தல் என்று பொருள். கட உபநிடதம் உடலைத் தேராகவும் புலன்களைக் குதிரைகளாகவும் மனத்தைக் கடிவாளமாகவும் காட்டும். புலன்களை அசையாமல் நிறுத்துவதையே அது யோகம் என்கிறது. யோக சூத்திரம் என்ற நூலைத் தந்த பதஞ்சலியும் தம் இரண்டாவது சூத்திரத்திலேயே, சித்தத்தின், அதாவது மனத்தின், அலைவுகளை அடக்குவதுதான் யோகம் என்று சொல்லிவிடுகிறார். அவருடைய 195 சூத்திரங்களில் ஆசனத்தை நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. அசையாமலும் சுகமாகவும் இருக்கவேண்டும், அவ்வளவுதான். எங்கள் திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளைக் கொண்ட அட்டாங்க யோகத்தைப் பாடினார். “உடம்பை வளர்த்தேன் உயிர்வளர்த்தேனே” என்ற அடியும் அங்கேதான் வருகிறது. 15ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகை என்ற நூல் விவரிக்கும் ஆசனங்கள்கூடப் பதினைந்துதான். இன்று உலகமெங்கும் வரிசையில் நின்று செய்யும் முறை பெரும்பாலும் கடந்த நூறு ஆண்டுகளில் வளர்ந்தது. 1930களில் மைசூர் அரண்மனையில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் கற்பித்ததும், அவருடைய மாணவர்கள் அதை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோனதும் அதற்குப் பெரிய காரணங்கள். அதற்கு முன்பே, 1897 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து பேசிய விவேகானந்தர், ராஜயோகத்தை மனப்பயிற்சியாகத்தான் மேல்நாட்டாருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

இங்கே நடப்பதும் அதுதான். தரம் 8இல் ஒரு பையன், வயிற்றில் கை வைத்து மூச்சை எண்ணச் சொன்னால் முதற் கிழமை ஐந்தைத் தாண்டமாட்டான். இப்போது பாண்காரரின் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு மதிலோரம் போனாலும் கண்ணைத் திறக்காமல் இருபது வரை போகிறான். சோதினை மண்டபத்தில் இது உதவாதா என்பதை நீங்களே யோசியுங்கள்.

வேற்றுச் சமயப் பெற்றோர் சிலர் தயக்கத்துடன் விசாரித்தீர்கள். பௌத்தரும் சமணரும்கூடத் தங்கள் வழியில் வளர்த்த பயிற்சி இது. இங்கே மந்திரம் எதுவும் சொல்லுவிப்பதில்லை. அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் அதையே எழுதித் தாருங்கள். பிள்ளை நூலகத்தில் இருக்கலாம்.

ஆனால் வயிற்றுவலிக் கடிதம் வேண்டாம். பதஞ்சலி சொன்ன எட்டு உறுப்புகளில் முதலாவது இயமம், அதாவது தீயவற்றை விலக்கும் ஒழுக்கம். வாய்மை அதில் அடக்கம். ஆசனம் மூன்றாவதாகத்தான் வருகிறது. பிள்ளையின் கையில் பொய்யைக் கொடுத்தனுப்பிவிட்டு எங்களிடம் ஒழுக்கத்தைக் கேட்க முடியாது. மூன்றாம் தவணை முதல், 7.30க்குப் பிந்தி வரும் பிள்ளையைக் கொண்டுவந்து விடுபவர் அலுவலகத்துக்கு வந்து நேரத்தையும் காரணத்தையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். இதில் யாருக்கும் விலக்கில்லை, என் சொந்தக்காரருக்கும் இல்லை.

உங்கள் காலைப் பாடு எனக்குத் தெரியாததல்ல. நாலு மணிக்கு எழும்பிப் புட்டு அவித்து, இரண்டு பிள்ளைகளை இரண்டு பக்கம் ஏற்றி இறக்குகிறீர்கள். காலை வகுப்பை ஏழு மணிக்குள் முடித்துவிடும்படி ரியூசன் ஆசிரியர்கள் இருவருடன் கதைத்திருக்கிறேன், ஒருவர் ஒத்துக்கொண்டார். கேட்காமலே பன்னிரண்டு பனையோலைப் பாய்கள் இழைத்துத் தந்த தாய்மாருக்கும், மழை நாளிலும் நேரத்துக்குக் கொண்டுவந்து விடும் அம்மம்மா ஒருவருக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இந்தப் பயிற்சி செய்யக்கூடாது. ஆகவே அந்த இரண்டு நாளும் காலைச் சாப்பாட்டைப் பெட்டியில் கொடுத்துவிடுங்கள். 7.50க்குப் பிறகு சாப்பிடப் பத்து நிமிடம் தருகிறோம்.

அன்புடன்,
அதிபர்