கடைசிப் பெஞ்சில் ஒரு பாடவேளை உட்காருங்கள்

கற்பித்தல் பயிற்சியை மேற்பார்வையிடும் கல்வியியல் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சென்ற வாரம், பயிற்சி ஆசிரியராக நான் பள்ளியில் நடத்திய வகுப்புக்கு வந்த மேற்பார்வையாளர் ஆறு நிமிடம் நின்று, பாடத்திட்டக் குறிப்பேட்டில் கையெழுத்திட்டு, கரும்பலகைச் சுருக்கத்துக்குத் தனிப்பத்தி ஒதுக்கவில்லை என்று சிவப்பு மையில் எழுதிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நடந்ததைச் சொல்லவே இம்மடல்.

அன்று ஒன்பதாம் வகுப்புக்கு அசமன்பாடுகள், அதாவது < அல்லது > குறியிட்டு எழுதும் கணக்குகள், நடத்தினேன். இருபுறமும் குறை எண்ணால் வகுத்தால் அந்த <, > குறி திரும்பிவிடும் என்று சொல்லி, எழுதியும் காட்டினேன். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஏன் சார் திரும்பணும்?" என்று கேட்டாள். என் குறிப்பேட்டில் 'மாணவர் செயல்பாடு' என்ற பத்தியில் அந்த இடத்துக்கு நேராக, 'மாணவர்கள் புரிந்துகொள்கின்றனர்' என்று முந்தைய நாளே அழகாக எழுதி வைத்திருந்தேன். "அது விதிம்மா" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள், அதன்பின் அந்த வகுப்பில் யாருமே எதுவும் கேட்கவில்லை. 2, 5 என்ற இரண்டு எண்களை எண்கோட்டில் குறித்து, அவற்றின் குறை எண்களான -2, -5 ஆகியவற்றையும் குறித்துக் காட்டினாலே, சிறியது பெரியதாவது கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பது விடுதிக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு உறைத்தது. பின்னால் ஒருவர் அமர்ந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

நுண்ணிலைக் கற்பித்தலை எங்களுக்குக் கற்பித்தவர்கள் தாங்கள்தாம். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலனும் உடன் பணியாற்றியவர்களும் அதை உருவாக்கியபோது, சில நிமிடப் பாடத்தை நடத்துவது, குறைநிறை கேட்பது, திருத்தி மறுபடி நடத்துவது என்பதே அதன் உயிராக இருந்தது. நாங்களோ இச்சுழற்சியை வட்டப்படமாக வரைந்து வண்ணம் தீட்டி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஒரு பாடத்தையேனும் மறுபடி நடத்தியதில்லை.

ஆகவே கேட்பது ஒன்றுதான்: ஒரு முழுப் பாடவேளை கடைசிப் பெஞ்சில் அமர்ந்து பாருங்கள், முடிந்ததும் பத்து நிமிடம் எங்களோடு பேசுங்கள், அதே பாடத்தை வேறொரு பிரிவில் மீண்டும் நடத்த விடுங்கள். தங்களுக்கும் பணிச்சுமை அதிகம், ஒருவரே பல பள்ளிகளுக்கு அலைய வேண்டியிருக்கிறது என்பதை அறிவேன். ஆனால் ஓரக்கோடு போடுவதிலும், துணைக்கருவி அட்டைக்குப் பளபளக்கும் தாள் ஒட்டுவதிலும் நாங்கள் கழிக்கும் இரவுகளைக் கணக்கிட்டால், எங்களை ஆசிரியர்களாக ஆக்குகிறீர்களா, எழுதுபொருள் கடைக்கு ஆள் எடுக்கிறீர்களா என்ற ஐயம் எழத்தான் செய்கிறது. சொல் கடுமையாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

அடுத்த வாரம் அதே வகுப்புக்கு மீண்டும் போகிறேன். அந்த மாணவிக்கு எண்கோட்டைக் காட்டப்போகிறேன். அன்றைக்காவது மணி அடிக்கும்வரை யாரேனும் ஒருவர் அமர்ந்து பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு பயிற்சி ஆசிரியர்