லார்வா தீவனம் தயாரிப்பவர்களுக்கு: 'புரதம் 55%' என்றால் எந்தப் புரதம்?

கடல்மீன் லார்வாக்களுக்கு, அதாவது முட்டையிலிருந்து பொரிந்த இளங்குஞ்சுகளுக்கு, நுண்தீவனம் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் டப்பாக்களைத் தினமும் திறக்கிற பொரிப்பகப் பணியாளன் நான். கேட்பது ஒன்றுதான். உள்ளே இருக்கும் புரதம் எதிலிருந்து வந்தது, எந்த நிலையில் இருக்கிறது என்பதை டப்பாவின் மேலேயே எழுதுங்கள்.

'மொத்தப் புரதம் 55%' என்ற வரியை வைத்து நான் எதையும் முடிவு செய்ய முடியாது. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய கணக்கு அது. கணவாய்த் தூள், சோயா, அதிகச் சூட்டில் காய்ந்துபோன மீன்தூள் எல்லாம் அந்தக் கணக்கில் ஒன்றுதான். லார்வாவின் குடலுக்கு அப்படியில்லை. கொடுவா போன்ற மீன்கள் முதல் இரை எடுக்கும் நாளில் வேலை செய்யும் இரைப்பையே இருக்காது. இரைப்பை அமிலமும் புரதத்தை உடைக்கும் பெப்சின் நொதியும் பிறகுதான் வரும். அதுவரை கணையம் சுரக்கும் டிரிப்சின் போன்ற நொதிகளை வைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஒருமுறை ரோட்டிஃபரை (லார்வாவுக்கு உயிருடன் கொடுக்கும் நுண்ணுயிர் இரை) குறைத்து நுண்தீவனத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். ஒரு லார்வாவை நுண்ணோக்கியில் பார்த்தேன்: கண்ணாடி மாதிரி உடம்பு, குடல் நிறையப் பழுப்புத் துகள். அப்பாடா, தின்றுவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதே துகள் பெரிதாக உருக்குலையாமல் பின்வழியே வெளியே வந்தது. அடுத்த சில நாளில் தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்ததைக் குழாயால் உறிஞ்சி எடுத்தோம். வயிறு நிறைந்தே பட்டினியில் செத்த குஞ்சுகள் அவை என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

நொதியால் முன்கூட்டியே சிதைத்த மீன் புரதம் இந்த இடத்தில் கைகொடுக்கும். ஐரோப்பியக் கடல் பாஸ் லார்வாக்களில் செய்த ஆய்வுகளில், அதை அளவாகச் சேர்த்தபோது பிழைத்தவை கூடின, முதுகெலும்புக் கோணல் குறைந்தது. அளவு மிஞ்சியபோது வளர்ச்சியே குன்றியது. அப்புறம், சிதைத்த புரதம் எளிதில் கரையும். துகளோ ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. தண்ணீரில் விழுந்த சில நிமிடங்களிலேயே அமினோ அமிலம் கசிந்துவிடுகிறது. லார்வாவுக்குப் போக வேண்டியது பாக்டீரியாவுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் 'சிதைத்த புரதம் உண்டு' என்றால் போதாது, எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

மீன்தூளைக் குறைக்க வேண்டிய நெருக்கடி புரிகிறது. கடலிலிருந்து அள்ளிக்கொண்டே இருக்க முடியாது. தாவரப் புரதம் சேர்த்தால் சேர்த்ததாகச் சொல்லுங்கள். லார்வாவுக்குத் தேவையான டாரின் என்ற சத்து அதில் இல்லை என்பதால், தனியாகக் கலந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள் செய்முறை ரகசியம் எங்களுக்கு வேண்டாம். புரத மூலங்கள், சிதைத்த புரதத்தின் பங்கு, பத்து நிமிடம் ஊறினால் எவ்வளவு கசிகிறது, இந்த மூன்று விவரம் போதும். சோதித்துப் பார்க்கத் தொட்டி வேண்டுமா, கேளுங்கள்; ஒதுக்கித் தருகிறோம்.

அன்புடன்,
பொரிப்பகப் பணியாளன் ஒருவன்