பிளாப்பியில் நகல் எடுத்தவர்கள் எல்லாரும் திருடர்கள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தி, திருத்தி, பகிரக்கூடிய மென்பொருள்) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். லினக்ஸ் பற்றியும் ஆண்ட்ராய்டு பற்றியும் எளிமையாகச் சொல்லியிருந்தார்கள், அதில் குறை இல்லை. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது. இணையம் வருவதற்கு முன் பிளாப்பி என்ற பழைய காந்தத் தட்டில் கைமாறியதெல்லாம் திருட்டு நகல்கள்தான், இலவசமாகப் பகிரும் பழக்கமே இணையத்தோடு பிறந்தது என்கிற பொருளில். இந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. முப்பது வருடம் கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

திருட்டு நகல் இல்லாமல் இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் நகல் எடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைத்து, உடைத்தவர் பெயரை முன்னால் ஒட்டி ஊரெல்லாம் பரப்பிய கூட்டங்கள் ஐரோப்பாவில் ஏராளம். ஆனால் அதே பிளாப்பியில், அதே வீடுகளில், எழுதியவரே "நகல் எடுத்து நாலு பேருக்குக் கொடுங்கள்" என்று சொல்லிக் கொடுத்த மென்பொருளும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் எப்படி?

1982-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.எம். பி.சி. வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்பவர் டெலிபோன் கம்பியில் கம்ப்யூட்டரை இணைக்கும் மோடம் வழியாகப் பேச பி.சி.-டாக் என்றொரு புரோகிராம் எழுதினார். அதைக் கடையில் விற்கவில்லை. நகல் எடுத்துக்கொள்ளுங்கள், பயன்பட்டால் 25 டாலர் அனுப்புங்கள் என்றார். ஏறக்குறைய அதே நேரத்தில் ஜிம் பட்டன் என்பவர் பி.சி.-ஃபைல் என்ற தரவுத்தளப் புரோகிராமை இதே முறையில் வெளியிட்டார். அடுத்த வருடம் மைக்ரோசாஃப்டின் ஆரம்பகால ஊழியர்களில் ஒருவரான பாப் வாலஸ் வேலையை விட்டுவிட்டு பி.சி.-ரைட் என்ற எழுத்துப் புரோகிராமைக் கொண்டுவந்தார். இவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 75 டாலர் கொடுத்துப் பதிவு செய்துகொண்டவர் தன் பிரதியை யாருக்காவது நகல் எடுத்துக் கொடுத்து, வாங்கியவரும் பதிவு செய்தால், நகல் கொடுத்தவருக்கு 25 டாலர் கமிஷன். நகல் எடுப்பவனைப் பிடித்து உள்ளே போடு என்று பெரிய கம்பெனிகள் கத்திக்கொண்டிருந்த காலத்தில் இந்த மனிதர் நகல் எடுப்பவனுக்குக் காசு கொடுத்தார்! முதலில் பகிர்ந்து, பயன்பட்டால் காசு கேட்கும் இந்த முறைக்கு ஷேர்வேர் என்ற பெயர் பரவியதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

கட்டுரையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனைக் குறிப்பிட்டிருந்தார்கள், சரி. ஆனால் அவரே 1985-ல் தன் ஈமாக்ஸ் என்ற எழுத்துத் திருத்தும் புரோகிராமைக் காந்த டேப்பில் பதிந்து 150 டாலருக்குத் தபாலில் அனுப்பித்தான் வயிற்றைக் கழுவினார். அன்றைய கம்ப்யூட்டர் வலையில் இலவசமாக எடுத்துக்கொள்ள வழி இருந்தும், வலை இணைப்பு இல்லாதவர்களுக்கு டேப்தான் கதி. அப்போது அந்த இணைப்பு பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சிக்கூடத்திலும் இருந்தவர்களுக்குத்தான் கிடைத்தது. வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டியவர்கள் என்ன செய்தார்கள்? கட்டுரை தவறவிட்ட கேள்வி இதுதான். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஃபிரெட் ஃபிஷ் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது.

1985-ல் கமடோர் கம்பெனி அமிகா என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டது. 4,096 வண்ணங்களும் நான்கு ஒலித்தடங்களும் ஒரே நேரத்தில் பல புரோகிராம்களை ஓட்டும் வசதியும் அந்த விலையில் வேறு எதிலும் கிடையாது. நம் ஊரில் அதைப் பார்த்தவர்கள் குறைவு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கான வீடுகளில் இருந்தது. பெட்டி பிரமாதம், அதில் ஓட்ட மென்பொருள்தான் ஆரம்பத்தில் கொஞ்சம். அமெரிக்கப் புரோகிராமரான ஃபிஷ், வாங்கியவர்கள் தாங்களே எழுதிப் பகிர்ந்ததையெல்லாம் சேகரித்து ஒழுங்குபடுத்தி, 1986-லிருந்து எண் போட்டு டிஸ்க் டிஸ்க்காக வெளியிடத் தொடங்கினார். முதல் டிஸ்கில் இருந்தவை சின்னச் சின்ன விஷயங்கள்: நூலில் தொங்கும் பந்துகள் ஒன்றையொன்று மோதிக்கொள்ளும் ஒரு காட்சி, கம்ப்யூட்டரின் வேகத்தை அளக்கும் டிரைஸ்டோன் சோதனை, எழுதியதை வாய்விட்டுப் படிக்கும் ஒரு டெமோ, இப்படி. 1994-ல் நிறுத்தியபோது எண் 1,100-ஐத் தொட்டிருந்தது. கணக்குப் போட்டால் எட்டு வருடம் வாரத்துக்கு இரண்டு மூன்று டிஸ்க்.

ஒரு அமிகா டிஸ்கின் கொள்ளளவு 880 கிலோபைட். 1,100 டிஸ்கையும் சேர்த்தால்கூட ஒரு ஜிபி வராது, இன்று வாட்ஸ்அப்பில் வரும் கல்யாண வீடியோக்கள் அதைவிடப் பெரிது. ஆனால் நொடிக்கு 2400 பிட் அனுப்பும் அந்தக் காலத்து மோடத்தில் ஒரே ஒரு டிஸ்கை இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஐரோப்பாவில் உள்ளூர் அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் காசு என்பதால் ஒரு டிஸ்க் இறங்குவதற்குள் டெலிபோன் பில் எகிறிவிடும். அதைவிட ஒரு வெற்று டிஸ்கும் தபால் தலையும் மலிவு. அதனால்தான் தபாலும், மாதம் ஒருமுறை கூடும் பயனர் சங்கக் கூட்டமும் இவர்களுக்கு நெட்வொர்க் ஆக இருந்தன. சங்கத்தில் ஒருவர் ஃபிஷிடமிருந்து புதிய டிஸ்க்குகளை வரவழைப்பார், கூட்டத்துக்கு வந்தவர்கள் தங்கள் வெற்று டிஸ்கில் நகல் எடுத்துக்கொள்வார்கள், அவர்களிடமிருந்து இன்னும் பத்துப் பேர். நகல் எடுப்பதும் லேசான வேலை இல்லை. 512 கே நினைவகமும் ஒரே ஒரு டிரைவும் இருந்தால் முழு டிஸ்கும் ஒரே மூச்சில் நினைவகத்துக்குள் அடங்காது. மூலத்தைப் போடு, நகலைப் போடு, மறுபடி மூலத்தைப் போடு என்று கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டே இருக்கும். தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டால் மூலமே போச்சு, அதனால் எழுதத் தடை போடும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் தாழ்ப்பாளை முதலில் தள்ளிவிட்டுத்தான் விவரம் தெரிந்தவர்கள் உட்காருவார்கள்.

ஃபிஷ் செய்தது வெறும் நகல் எடுக்கும் வேலை என்று யாராவது நினைத்தால் அவருடைய பட்டியலைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு புரோகிராமுக்கும் நாலைந்து வரி விவரம் இருக்கும். என்ன செய்யும், எந்தப் பதிப்பு, இதற்கு முந்தைய பதிப்பு எத்தனையாவது டிஸ்கில் வந்தது, மூலநிரல் (புரோகிராமர் எழுதிய, மற்றவர் படித்துத் திருத்தக்கூடிய வடிவம்) சேர்த்திருக்கிறதா இல்லை ஓட்டும் கோப்பு மட்டும்தானா, ஷேர்வேர் என்றால் ஆசிரியர் எவ்வளவு கேட்கிறார், எழுதியவர் பெயர் என்ன. பெயர் தவறாமல் இருக்கும். முன்பின் தெரியாத ஒரு மாணவன் எழுதிய புரோகிராம் கண்டம் தாண்டிப் போய்ச் சேரும்போது அவன் பெயரும் கூடவே போனது. திருட்டு நகலில் இது நடக்குமா? அங்கே எழுதியவர் பெயரை மறைத்துத்தான் உடைத்தவர் பெயர் பளபளக்கும்.

உரிமைப் பிரச்சினையே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். பகிர அனுமதி இல்லாத சில விஷயங்கள் தெரியாமல் உள்ளே வந்துவிட்டன. தெரிந்ததும் அந்த டிஸ்க்குகளைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார், பட்டியலிலும் காப்புரிமைப் பிரச்சினையால் நீக்கப்பட்டது என்று வெளிப்படையாக எழுதிவைத்தார். இன்றைய ஆப் கடைகள் பல இந்த அளவுக்குக்கூட வாயைத் திறப்பதில்லை.

விலை விஷயம் இன்னும் சுவாரசியம். டிஸ்க், தபால், அவர் உழைப்பு எல்லாம் சேர்த்து ஒரு டிஸ்குக்குச் சில டாலர்தான் வாங்கினார். இது அமிகா உலகம் முழுக்க ஓர் அளவுகோலாகவே ஆகிவிட்டது. பல புரோகிராமர்கள் தங்கள் இலவச மென்பொருளுடன் வைத்த நிபந்தனையில், "இதை யார் வேண்டுமானாலும் விநியோகிக்கலாம், ஆனால் ஃபிரெட் ஃபிஷ் ஒரு டிஸ்குக்கு வாங்கும் விலைக்கு மேல் வாங்கக் கூடாது" என்கிற மாதிரி எழுதினார்கள். பக்கத்துக்குப் பக்கம் சட்ட வாசகம் எழுதும் வசதி அவர்களுக்கு இல்லை, ஒரு மனிதரின் நேர்மையைச் சுட்டிக்காட்டினால் போதும் என்று இருந்தார்கள்.

ஃபிஷ் டிஸ்க்குகள் மீது இருந்த நம்பிக்கைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1987-ல் எஸ்.சி.ஏ. என்ற வைரஸ் அமிகாவில் பரவியது. டிஸ்கின் துவக்கப் பகுதியில் ஒளிந்திருக்கும், அந்த டிஸ்கைப் போட்டு ஆரம்பித்தால் நினைவகத்தில் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ரீபூட் செய்யும்போது டிரைவில் எந்த டிஸ்க் இருக்கிறதோ அதில் தடை இல்லையென்றால் தன்னை எழுதிவிடும். இதை எழுதியது சுவிட்சர்லாந்தில் விளையாட்டுகளின் பூட்டை உடைத்துக்கொண்டிருந்த ஒரு குழு. அதைக் கண்டுபிடித்துத் துடைக்க ஸ்டீவ் டிப்பெட் எழுதிய வைரஸ்எக்ஸ் இலவசம், ஃபிஷ் டிஸ்கிலும் வந்தது. ஆக நோய் ஒரு பக்கத்திலிருந்தும் மருந்து இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது, உங்கள் கட்டுரை இரண்டு பக்கத்துக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டது.

இதிலிருந்து பெரிய ஆட்களும் வந்தார்கள். பிரிட்டனில் வேக்ஃபீல்ட் ஊரில் 17 பிட் என்று இந்த மாதிரி இலவச மென்பொருள் டிஸ்க்குகளைத் தபாலில் அனுப்பும் ஒரு கடை இருந்தது. அவர்கள் பின்னால் டீம்17 என்ற கம்பெனியாகி, வோர்ம்ஸ் என்ற விளையாட்டை 1995-ல் வெளியிட்டார்கள், விளையாடியவர்கள் நம் ஊரிலும் நிறையப் பேர். அமிகாவுக்கு இலவசக் கருவிகளாக எழுதிக் குவித்த மேட் டில்லன் பிற்பாடு டிராகன்ஃப்ளை பி.எஸ்.டி. என்ற இயங்குதளத்தையே தொடங்கினார். ஃபிஷ் தானே எழுதிய டிபக் என்ற பிழைகாணும் நிரல் தொகுப்பு ஆரம்பகால டிஸ்க் ஒன்றிலேயே இருந்தது. பிற்காலத்தில் அது மை எஸ்.க்யூ.எல். என்ற தரவுத்தள மென்பொருளின் மூலநிரலுக்குள் போய் உட்கார்ந்தது. நீங்கள் ரயில் டிக்கெட்டோ கல்லூரி ரிசல்ட்டோ பார்க்கிற ஏதாவது ஒரு தளத்துக்குப் பின்னால் மை எஸ்.க்யூ.எல். இருக்கலாம், அப்படியென்றால் ஒரு பிளாப்பிக்காரரின் கைவேலையும் அங்கே இருக்கிறது.

1992-ல் அமிகா மென்பொருளுக்கான அமிநெட் என்ற இணையக் களஞ்சியம் சுவிட்சர்லாந்தில் தொடங்கியது. 1994-ல் கமடோர் திவாலானது. ஃபிஷ் பிளாப்பியை விட்டு சி.டி.க்கு மாறி ஃப்ரெஷ்ஃபிஷ் என்று வெளியிட்டார், அது பெரிதாக நீடிக்கவில்லை. அமிகாவை விட்டாலும் கட்டற்ற மென்பொருளை அவர் விடவில்லை, ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டத்தின் ஜி.டி.பி. என்ற பிழைதிருத்தியில் நெடுங்காலம் வேலை செய்தார். 2007 ஏப்ரலில் 54 வயதில் இறந்தார். அதாவது உங்கள் கட்டுரை சொல்லும் இணைய காலத்துக் கட்டற்ற மென்பொருளும் பிளாப்பி காலமும் தனித்தனி உலகங்கள் இல்லை, ஒரே ஆள் இரண்டிலும் இருந்திருக்கிறார்.

இணையம் வந்ததும் டிஸ்கில் பகிரும் பழக்கம் ஒரேயடியாக மறைந்துவிடவும் இல்லை. நம் ஊரில் டெலிபோன் வழியாக மெதுவாக ஓடிய டயல்-அப் இணைப்பை வைத்துக்கொண்டு லினக்ஸ் இறக்கியவர் யார்? 1990-களின் பின்பாதியில் பி.சி.க்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த சி.டி.யில்தான் பல பேர் லினக்ஸை முதன்முதலில் பார்த்தார்கள். அதற்கப்புறம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை உருவாக்கிய கனோனிக்கல் கம்பெனி கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் சி.டி. அனுப்பியது, 2011-ல்தான் நிறுத்தினார்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரி விடுதிகளில் அந்தக் காகித உறை சி.டி. கைமாறிக் கைமாறி, கீறல் விழுந்து படிக்காமல் போகும் வரைக்கும் ஓடியது. அதைக் கொடுத்தவனையும் யாரும் திருடன் என்று சொல்ல மாட்டோம் அல்லவா.

சேகரித்தவர், சரிபார்த்தவர், எண் போட்டு உறை ஒட்டி அனுப்பியவர் இவர்கள் பெயர் வரலாற்றில் எளிதில் விட்டுப்போகும். எழுதியவனுக்குப் புரோகிராமில் பெயர் இருக்கும், கம்பெனிக்கு விளம்பரம் இருக்கும், நடுவில் நின்றவருக்கு எதுவும் இருக்காது. உங்கள் கட்டுரையாளர் வேண்டுமென்றே விட்டதாக நான் நினைக்கவில்லை, கிடைத்த ஆதாரங்களில் இல்லாததால் விட்டிருப்பார்.

இரண்டு கோரிக்கைகள். கட்டுரை உங்கள் இணையப் பதிப்பிலும் இருக்கிறது, அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிடுங்கள், பள்ளிப் பிள்ளைகள் அப்படியே எடுத்துக் கட்டுரைப் போட்டிக்கு எழுதிவிடுவார்கள். இன்னொன்று, அந்தக் கட்டுரைக்குப் போட்ட படம். பழைய டிஸ்க் என்று போட்டிருப்பது ஐந்தே கால் இன்ச் பிளாப்பி, அமிகாவிலும் பிற்காலத்து பி.சி.க்களிலும் ஓடியது மூன்றரை இன்ச். படத்தை மாற்ற நேரம் இல்லையென்றால் பரவாயில்லை, வரியை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி.